பெயருக்கு வெளியே நிற்பவர்

அழைப்பதற்காகவே பெயர் சூட்டப்படுகிறது. அழைப்பவர் ஒருவர், அழைக்கப்படுபவர் ஒருவர், இருவருக்கும் இடையே பாலமாகப் பெயர். பெயரில்லாதவரை ஊர் அறியாது. ஊரே அறிந்திருந்தாலும், ஏட்டில் பெயரில்லாதவரை அலுவலகம் அறியாது. மலாயாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் இவ்வுண்மையை வாழ்ந்தே அறிந்தவர்கள்.

விடியலுக்கு முன்பே பெரட்டுக் களத்தில் பால்மரத் தொழிலாளர் வந்து நிற்பர். கிராணியார் ஏட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பார். அழைக்கப்பட்டவர் குரல் கொடுப்பார். ஏட்டில் ஒரு குறி விழும். அந்தக் குறியே அன்றைய கூலி. செக்ரோல் என்று தோட்டத்தார் வழங்கிய அந்த ஏட்டில் பெயர் ஏறாதவர், மரத்தடியில் எத்தனை மணி நேரம் உழைத்தாலும், சம்பள நாளன்று வெறுங்கையோடு லயத்திற்குத் திரும்ப நேரிடும்.

இன்று அந்த ஏடு கணினிக்குள் சென்றுவிட்டது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தமிழ்ப் பெயர்கள் நிறைந்திருந்த பட்டியல்களில் இந்தோனேசியப் பெயர்களும் வங்காளதேசப் பெயர்களும் நேப்பாளப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. கிராணியாரின் குரல் இருந்த இடத்தில், மேக்ரோ என்னும் சிறு கட்டளைத் தொகுதி விரிதாளின் பட்டியலை மேலிருந்து கீழாகச் சுற்றி வந்து கூலியைக் கணக்கிடுகிறது. அழைக்கும் முறை மாறிற்று. அழைக்கப்படாதவரின் நிலை மாறவில்லை. ஆதலின், பெயரிடப்பட்ட பரப்புகளை மேக்ரோ எவ்வாறு சுற்றி வருகிறது, எங்கே தவறுகிறது என்பதைக் கணினி வல்லுநரின் தனிச்சொத்தாக ஒதுக்கிவிடுதல் தகாது. சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு.

இடுகுறியும் காரணமும்

கோடு கிழித்த கணக்கேடு கணினியில் பெற்ற வடிவமே விரிதாள். ஹார்வர்ட் வணிகவியல் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்பவரும் அவருடைய நண்பர் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், 1979ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. அதில் நெடுவரிசைகள் எழுத்துகளாலும் கிடைவரிசைகள் எண்களாலும் குறிக்கப்பட்டன. நான்காம் நெடுவரிசையும் ஐந்தாம் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டம் 'டி5' எனப்பட்டது. லயத்து வீடுகளுக்கு எண் இட்டது போன்ற ஏற்பாடு அது. வீடு எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்லும். வீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்லாது.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காட்டும். 'டி5' என்பது இடுகுறி. அதனைப் பார்த்த மாத்திரத்தில் அங்கே கூலி உள்ளதா, மழை அளவு உள்ளதா என அறிய இயலாது. 'டி5 முதல் டி24 வரை' என்னும் பரப்பிற்கு 'அடிப்படைக்கூலி' என்று பெயர் சூட்டிவிட்டால் அது காரணப்பெயர் ஆகிவிடுகிறது. கணக்கைப் படிப்பவர், 'டி5 முதல் டி24 வரை உள்ளவற்றைக் கூட்டுக' என்று வாசித்துத் திகைக்க வேண்டியதில்லை. 'அடிப்படைக்கூலியைக் கூட்டுக' என்று வாசித்துத் தெளிவு பெறலாம். பொருளறிந்து வாசிக்கப்படும் கணக்கில் தவறு ஒளிந்துகொள்வது கடினம்.

பரப்பிற்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியது 1983ஆம் ஆண்டு வெளிவந்த லோட்டஸ் 1-2-3. மேக்ரோவைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியதும் அதுவே. இவ்விரண்டிற்கும் இடையே அன்று இருந்த உறவு வியப்பிற்குரியது. எந்தெந்த விசைகளை அழுத்த வேண்டுமோ, அவற்றை வெறும் எழுத்துகளாகக் கட்டங்களில் எழுதி வைப்பர். பின்பு, அந்தக் கட்டத்திற்கு ஒரு பின்சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்த பெயரைச் சூட்டுவர். அதன்பின், ஆல்ட் விசையோடு அவ்வெழுத்தை அழுத்தினால் எழுதப்பட்டவை யாவும் வரிசையாக நடந்தேறும். பெயர் சூட்டப்படும் வரையில் அது கட்டத்தில் கிடக்கும் எழுத்துக் குவியல். பெயர் பெற்றபின் அது செயல். லோட்டசில் மேக்ரோவும் பெயரிட்ட ஒரு பரப்பே.

எக்செல் 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கும் 1987இல் விண்டோசுக்கும் வந்தது. 1993இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பில் விஷுவல் பேசிக் மொழி சேர்ந்தது. அதன்பின் பெயரும் செயலும் தனித்தனி இடங்களில் குடியேறின. பெயர் விரிதாளோடு நின்றது. செயல் தனி ஏட்டிற்குச் சென்றது. பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிரித்து இலக்கணம் கூறிய மொழிக்கு உரியோர் இந்தப் பிரிவினையை எளிதில் விளங்கிக்கொள்வர். பெயரும் வினையும் பொருந்தி நின்றால்தான் வாக்கியம் நிற்கும். மேக்ரோவின் நிலையும் அஃதே.

பெயரிடும் முறை

பெயர் சூட்டுவதற்கு எக்செல் சில விதிகளை வகுத்துள்ளது. முதலில் எழுத்தோ, அடிக்கோடோ, பின்சாய்கோடோ வர வேண்டும். இடையே வெற்றிடம் கூடாது. 255 குறிகளுக்கு மிகுதல் ஆகாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கருதப்படாது. யாவற்றினும் முதன்மையான விதி, பெயர் ஒரு கட்டத்தின் முகவரி போலத் தோன்றலாகாது என்பதாகும்.

இவ்விதி 2007ஆம் ஆண்டு ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. அதுவரை எக்செல் தாளில் 256 நெடுவரிசைகளும் 65,536 கிடைவரிசைகளுமே இருந்தன. அவ்வாண்டு வெளிவந்த பதிப்பு அவற்றை முறையே 16,384 ஆகவும் 1,048,576 ஆகவும் விரித்தது. நெடுவரிசைகளைக் குறிக்க மூன்று எழுத்துகள் தேவைப்பட்டன. வரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூன்றெழுத்துகளோடு ஆண்டையும் சேர்த்து 'டேக்ஸ்2010' என்று பெயரிட்டிருந்தவர்களின் நிலை என்ன ஆயிற்று? நேற்று வரை பெயராக இருந்தது புதிய தாளில் ஒரு கட்டத்தின் முகவரி ஆகிவிட்டது. பழைய கோப்பைப் புதிய வடிவிற்கு மாற்றுகையில் எக்செல் அத்தகைய பெயர்களின் முன்னே ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து அவற்றைக் காப்பாற்றியது. ஆயினும், பழைய பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி வைத்திருந்த மேக்ரோவிற்கு அந்த மாற்றம் தெரியாது. அது பழைய பெயரைச் சொல்லி அழைக்கும். யாரும் இல்லாத வெற்றுக் கட்டம் ஒன்று அந்த அழைப்பிற்கு விடை கூறும்.

வீட்டைப் பெரிதாக்கியபோது பெயர் தொலைந்த கதை இது. பெயரிடுபவர் நாளைய விரிவையும் நினைத்துப் பெயரிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வொன்றுக்கும்

மேக்ரோ பட்டியலைச் சுற்றி வருவதற்குரிய கட்டளை 'ஃபார் ஈச்' என்னும் இரு சொற்களால் தொடங்குகிறது. 'ஒவ்வொன்றுக்கும்' என்பது அதன் பொருள். 'அடிப்படைக்கூலி என்னும் பரப்பில் உள்ள ஒவ்வொரு கட்டத்திற்கும் இதனைச் செய்க' என்று எழுதினால், மேக்ரோ முதற்கட்டத்தில் நுழைந்து, செய்வதைச் செய்து, அடுத்த கட்டத்திற்குச் சென்று, கடைசிக் கட்டம் முடிந்ததும் நின்றுவிடும். எத்தனை கட்டங்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. தாளில் எந்த மூலையில் உள்ளன என்று சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பட்டியலை வேறோர் இடத்திற்கு நகர்த்தினாலும் பெயர் உடன் செல்லும். மேக்ரோ அங்கே சென்று அழைக்கும். முகவரியை எழுதி வைத்தவர் வீடு மாறியபோதெல்லாம் தேடி அலைய, பெயரை எழுதி வைத்தவர் கவலையின்றி இருப்பார். பெயர் தரும் நன்மை இது. சிறிய நன்மை அன்று.

ஆனால் அந்த 'ஒவ்வொன்றுக்கும்' என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. பெயருக்குள் அடங்கியவர் ஒவ்வொருவருக்கும் என்பதே அதன் பொருள். களத்தில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் என்பது அதன் பொருளன்று.

ஒரு தோட்ட அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாம் வரிசை முதல் இருபத்து நான்காம் வரிசை வரை இருபது தொழிலாளரின் கூலி எழுதப்பட்டிருக்கிறது. அப்பரப்பிற்கு 'அடிப்படைக்கூலி' என்று பெயர். ஒரு மாதத்தில் புதியவர் ஒருவர் சேர்கிறார். எழுத்தர் பட்டியலின் நடுவே ஒரு வரிசையைச் செருகி அவர் பெயரை எழுதினால், பரப்பு தானே விரிந்து இருபத்தொருவரை அணைத்துக்கொள்ளும். ஆனால், எழுத்தர் நடுவே செருகுவாரா? பட்டியலின் அடியில், இருபத்தைந்தாம் வரிசையில் எழுதுவதுதான் மனித இயல்பு. அவ்வாறு எழுதும்போது பரப்பு விரிவதில்லை. இருபத்து நான்கோடு பெயரின் எல்லை முடிந்துவிடுகிறது. புதியவர் தாளில் இருக்கிறார். பெயருக்கு வெளியே நிற்கிறார்.

சம்பள நாளன்று மேக்ரோ இயங்குகிறது. இருபது பேருக்குக் கூலி கணக்கிடுகிறது. ஊழியர் சேமநிதிப் பிடித்தத்தைக் கழிக்கிறது. சம்பளச் சீட்டுகளை அச்சிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் எழவில்லை. எழுவதற்குக் காரணமும் இல்லை. மேக்ரோவின் பார்வையில் யாவும் முறைப்படி முடிந்தன. எழுத்தர் எச்சரிக்கை மிக்கவர். மொத்தத் தொகையைச் சரிபார்க்கிறார். சீட்டுகளின் கூட்டுத்தொகையும் 'அடிப்படைக்கூலி'யிலிருந்து கிடைத்த கூட்டுத்தொகையும் ஒரு சென்கூட வேறுபாடின்றிப் பொருந்துகின்றன. பொருந்தாமல் எவ்வாறு இருக்கும்? கணக்கிட்டதும் அதே பெயரை வைத்து. சரிபார்த்ததும் அதே பெயரை வைத்து. தவறிய பெயர் தன் தவற்றுக்குத் தானே சான்று கூறுகிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. விடுபடுபவர் யார்? பட்டியலின் அடியில் இருப்பவர். பட்டியலின் அடியில் இருப்பவர் யார்? புதிதாக வந்தவர். மொழி முற்றும் பழகாதவர், யாரிடம் சென்று முறையிடுவது என்று அறியாதவர், முதற்சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். இருபது ஆண்டு உழைத்தவர் மேல்வரிசையில் பாதுகாப்பாக அமர்ந்திருக்கிறார். அவரை மேக்ரோ ஒருநாளும் மறப்பதில்லை. இயந்திரம் ஓரவஞ்சனை அறியாதது என்பர். அதன் பிழையோ, ஒவ்வொரு முறையும் வலுவற்றவரின் தலையிலேயே விழுகிறது.

உலகம் கண்ட சான்றுகள்

இஃது ஒரு தோட்டத்து எழுத்தருக்கு மட்டும் நேரக்கூடியது என்று கருதுவோர் உளராயின், அவர்கள் 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுரையின் வரலாற்றை அறிதல் நன்று. பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும், நாட்டின் கடன் அதன் உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி பெரிதும் குன்றும் என எழுதினர். அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்பது அவர்கள் காட்டிய எண். அரசுச் செலவினைக் குறைக்க வேண்டும் என்று பல நாடுகளில் வாதிட்டோர் அதனைச் சான்றாகக் கொண்டனர்.

2013ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர், அவ்விரிதாளைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். இருபது நாடுகள் முப்பதாம் வரிசை முதல் நாற்பத்தொன்பதாம் வரிசை வரை இருந்தன. சராசரியைக் காணும் வாய்பாடோ நாற்பத்து நான்காம் வரிசையோடு நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் எல்லைக்கு வெளியே நின்றன. ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும், இதனோடு வேறு சில குறைகளையும் நீக்கிக் கணக்கிட்டபோது சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடு என வந்தது. வேறுபாட்டின் பெரும்பகுதி ஏனைய குறைகளால் நேர்ந்தது. ஆயினும் விரிதாளில் நேர்ந்த பிழையை அப்பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர்.

அந்த வாய்பாட்டில் இருந்தது முகவரி, பெயர் அன்று. 'எல் 30 முதல் எல் 44 வரை' என்பதைக் காண்போர் கண்ணில் எதுவும் உறுத்தாது. 'எல்லா நாடுகளும்' என்று அப்பரப்பிற்குப் பெயரிட்டிருந்தால், அப்பெயரைத் திறந்து பார்க்கும் எவரும், எல்லாம் என்பது பதினைந்துதானா என்று கேட்டிருக்கக் கூடும். தவறான எல்லையைப் பெயர் தானே திருத்திவிடாது. கேள்வி பிறப்பதற்கு ஓர் இடத்தை அது தரும்.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. கொரோனா நோய் கண்டோரின் விவரங்களைப் பொதுச் சுகாதாரத் துறையினர் எக்செலின் பழைய கோப்பு வடிவில் ஏற்றினர். அவ்வடிவில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பியபின் வந்த வரிசைகள் ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் நாள்தோறும் வெளியிடப்பட்ட கணக்கில் விடுபட்டனர். தமக்கு நோய் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. இங்கும் விடுபட்டவர் யாவர்? அடியில் இருந்தவர்.

பெயர்களையே சுற்றி வருதல்

ஒரு பெயருக்குள் இருக்கும் கட்டங்களைச் சுற்றுவது ஒரு வகை. கோப்பில் உள்ள பெயர்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சுற்றுவது இன்னொரு வகை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெயரிட்டு, எல்லாப் பெயர்களுக்கும் ஒரே வேலையைச் செய்யுமாறு மேக்ரோ எழுதுவோர் இந்த இரண்டாம் வகையைக் கையாள்வர். கோப்பின் பெயர்த்தொகுதி ஒரு பழைய ஊரின் குடிமதிப்புப் பட்டியல் போன்றது. உயிரோடு இருப்பவரும் இறந்தவரும் வெளியூர் சென்றவரும் அதில் கலந்தே இருப்பர்.

பரப்பு இருந்த வரிசைகளை யாரோ அழித்திருப்பார். பெயர் மட்டும் 'ரெஃப்' என்னும் பிழைக்குறியைச் சுமந்து நிற்கும். அஃது இறந்த பெயர். வேறு கோப்பிலிருந்து ஒரு தாளைப் படியெடுத்தபோது அதனோடு ஒட்டிவந்த பெயர், இன்னும் பழைய கோப்பையே சுட்டிக்கொண்டிருக்கும். அது வெளியூர்ப் பெயர். சேமநிதி விழுக்காடு போன்ற ஓர் எண்ணையோ வாய்பாட்டையோ குறிக்கும் பெயரும் உண்டு. அதற்குப் பரப்பே இல்லை. ஒரே பெயர் இரு தாள்களில் தனித்தனியே வழங்குவதும் உண்டு. அச்சிடும் எல்லையைக் குறிப்பதற்கும் வடிகட்டுவதற்கும் எக்செல் தானே படைத்துக்கொண்ட பெயர்களும், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட பெயர்களும் உண்டு. பெயர்களை மேலாளும் சாளரத்தில் மறைந்த பெயர்கள் தோன்றா. மேக்ரோ சுற்றும்போது மட்டும் அவை எதிர்ப்படும்.

பெயர் என்றால் பரப்பு என்று நம்பி எழுதப்பட்ட மேக்ரோ, முதல் இறந்த பெயரிலேயே இடறி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது, நின்றால்தான் பார்ப்பார்கள். ஆனால், சம்பள நாளன்று நிற்பதற்கு யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆகவே, 'பிழை நேரினும் அடுத்ததற்குச் செல்க' என்னும் பொருளுடைய கட்டளை ஒன்றை எழுதுவோர் தலையில் சேர்த்துவிடுவர். மேக்ரோவின் வாய் அன்றோடு அடைபடுகிறது.

அதன்பின் நேர்வது விடுபடுவதினும் கொடியது. ஒவ்வொரு பெயருக்கும் உரிய பரப்பை மேக்ரோ ஒரு மாறியில் ஏந்திக்கொண்டு வேலை செய்கிறது. பரப்பில்லாத பெயரை அடையும்போது புதிய பரப்பைப் பெறும் முயற்சி தோற்கிறது, பிழை மறைக்கப்படுகிறது. மாறியில் முன்னவரின் பரப்பே இன்னும் இருக்கிறது. மேக்ரோ அதனையே புதியது என்று கருதி மீண்டும் ஒருமுறை வேலை செய்கிறது. முன்னைய பிரிவினருக்கு உரிய தொகை இருமுறை கூட்டப்படலாம். அடுத்த பிரிவின் இடத்தில் முன்னைய பிரிவின் எண்கள் எழுதப்படலாம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மாறியை வெறுமையாக்கி, பரப்பு கிடைத்ததா என்று கேட்டபின் வேலையைத் தொடங்கினால் இந்த இடர் இல்லை. கையைக் கழுவியபின் அடுத்த நோயாளியைத் தொடும் மருத்துவரின் ஒழுக்கம் அது.

இறந்த பெயர்களை நீக்க முனைவோர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பெயர்களை வரிசை எண்ணால் அழைத்து, முதலிலிருந்து முன்னோக்கிச் சென்றுகொண்டே நீக்கினால், மூன்றாவது பெயர் நீங்கியதும் நான்காவது பெயர் மூன்றாம் இடத்திற்கு வந்துவிடும். மேக்ரோ நான்காம் இடத்திற்குச் சென்றிருக்கும். இடம் மாறியவர் பார்க்கப்படாமலே தப்புவார். கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒருவரும் தப்பார்.

இரு துண்டுகளாகக் கிடக்கும் பரப்பிற்கு ஒரே பெயர் சூட்டுவோரும் கருத வேண்டியது ஒன்றுண்டு. பால்மரப் பிரிவு மேலேயும் செம்பனைப் பிரிவு கீழேயும் இருக்க, இரண்டையும் 'தொழிலாளர்' என்னும் ஒரே பெயரில் அடக்கிவிட்டு, வரிசைகள் எத்தனை என்று கேட்டால், எக்செல் முதல் துண்டின் எண்ணிக்கையை மட்டுமே விடையாகத் தரும். ஒவ்வொரு துண்டையும் தனியே எடுத்து எண்ணிக் கூட்டினால்தான் உண்மை கிடைக்கும்.

காவல்கள்

இவற்றிற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வழங்கும் அட்டவணை என்னும் அமைப்பில், கடைசி வரிசைக்கு அடுத்து எழுதியவுடன் எல்லை தானே கீழிறங்கிப் புதியவரைச் சேர்த்துக்கொள்ளும். அட்டவணையின் நெடுவரிசையைச் சுட்டும் பெயரும் உடன் விரியும். ஆயினும், தாள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தால் அட்டவணை விரியாது. கணக்கைக் காக்கப் போட்ட பூட்டு, புதியவரை வெளியே நிறுத்தும் பூட்டாகவும் ஆகிவிடக்கூடும்.

நிரம்பிய கட்டங்களை எண்ணி, அதற்கேற்ப எல்லையை வாய்பாட்டால் வகுப்பது வேறொரு வழி. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. நடுவே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். எல்லை ஒரு வரிசை சுருங்கும். பத்தாம் வரிசையில் ஒருவர் விவரத்தை எழுத மறந்த பிழைக்கு, கடைசி வரிசையில் உள்ளவர் தண்டனை ஏற்பார்.

யாவற்றினும் எளியது பழைய முறை. பட்டியலின் அடியில் வெற்று வரிசை ஒன்றை விட்டு, அதனையும் பரப்பிற்குள் அடக்கிப் பெயர் சூட்டி, புதியவரை எப்போதும் அதற்கு மேலே செருகுவது. அந்த வெற்று வரிசை, வருபவருக்காகத் திறந்து வைத்த கதவு போன்றது. அதனை அழியாமல் காப்பதற்கு எழுத்தரின் கவனம் மட்டும் வேண்டும்.

ஆயினும், எந்தக் காவலும் ஓர் உண்மையை மாற்றிவிடாது. பெரட்டுக் களத்தில் நின்ற கிராணியாருக்குக் கண்கள் இருந்தன. எல்லாப் பெயர்களையும் அழைத்து முடித்தபின் ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், அவர் பார்க்க முடிந்தது. பார்த்தும் பாராமல் இருக்கவும் முடிந்தது. மேக்ரோவிற்குக் கண்கள் இல்லை. பெயருக்கு வெளியே ஓர் உலகம் உண்டு என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே, பார்க்கும் கடமை முழுவதும் மேக்ரோவை எழுதுபவரையும் இயக்குபவரையும் சார்ந்துவிட்டது.

அக்கடமை பெரிய கல்வியை வேண்டுவதன்று. சுற்றத் தொடங்குமுன் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். அந்த எண் விரிதாளிலிருந்து வரலாகாது, தண்டலின் வாயிலிருந்தோ வேலைக்கு அமர்த்திய ஏட்டிலிருந்தோ வர வேண்டும். சுற்றி முடித்தபின் எத்தனை பேருக்குக் கணக்கிடப்பட்டது என்று மேக்ரோவே எழுதிக் காட்ட வேண்டும். எந்தப் பெயரைத் தாண்டிச் சென்றதோ, அப்பெயரையும் காரணத்தையும் மறையாமல் பட்டியலிட வேண்டும். இரண்டு எண்களும் பொருந்தாவிடில் ஒரு சீட்டும் அச்சாகாது நிற்க வேண்டும். இவற்றிற்குத் தேவைப்படுபவை ஏழெட்டு வரிகள். அவ்வரிகளை எழுதாமல் விடுவதற்குப் பொழுதின்மை ஒரு காரணமாகச் சொல்லப்படும்; அந்தப் பொழுதின் விலையைச் செலுத்துபவரோ இருபத்தைந்தாம் வரிசையில் இருப்பவர்.

'ஒவ்வொன்றுக்கும்' என்று எழுதுவது எளிது. கணினி அச்சொல்லை எழுதியபடியே நிறைவேற்றும். அதில் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று மாதந்தோறும் திறந்து பார்த்து, வந்தவரைச் சேர்த்து, சென்றவரை நீக்கி, பெயரை அதன் பொருளுக்கு உரியதாக வைத்திருப்பது மனிதர் செய்யும் வேலை. அவ்வேலையை ஒழுங்காகச் செய்யும் எழுத்தரின் பெயர் எந்தச் சம்பளச் சீட்டிலும் அச்சாவதில்லை. புதிதாக வந்த ஒருவர் தம் முதற்சம்பளத்தைக் குறைவின்றி எண்ணிப் பெற்றுச் செல்லும்போது, அவ்வெழுத்தரின் மாதம் நன்றாக முடிந்தது என்று கொள்ளலாம்.